பிளக்-இன் ஹைபிரிட் வாங்கலாமா? வெள்ளிக் கணக்கும் வீட்டுப் பிளக்கும்

"எண்ணெய்ச் செலவே இருக்காது" என்பதுதான் ஷோரூமில் பிளக்-இன் ஹைபிரிட் பக்கம் போனதும் காதில் விழும் முதல் வாக்கியம். பெட்ரோல் எஞ்சினோடு, பிளக்கில் செருகிச் சார்ஜ் ஏற்றும் பேட்டரியும் மோட்டாரும் உள்ள கார் இது. பெட்ரோல் விலை கடுமையாக இருக்கும் நாடுகளில் அந்தப் பேச்சு எடுபடும். மானியப் பெட்ரோல் அடிக்கிற மலேசியாவில் கையெழுத்துப் போடுமுன் ஒரு முறை கால்குலேட்டரைத் தட்டிப் பார்ப்பது நல்லது. இங்கே இந்த வண்டி யாருக்கு லாபம், யாருக்கு வீண் பாரம் என்பதை எண்ணெய் விலை மட்டும் முடிவு செய்வதில்லை. வீட்டு வாசலில் சொந்தமாக ஒரு பிளக் இருக்கிறதா, இதை வாங்காவிட்டால் வேறு எந்த வண்டியை வாங்கியிருப்பீர்கள் என்ற இரண்டு கேள்விகளில்தான் பெரும்பாலும் விஷயம் முடிந்துவிடும்.

2025 செப்டம்பர் இறுதியில் பூடி 95 என்ற பெட்ரோல் மானியத் திட்டம் வந்தபோது, ஓட்டுநர் உரிமம் உள்ள குடிமக்களுக்கு ரோன் 95 பெட்ரோல் லிட்டர் 1.99 வெள்ளி (ரிங்கிட்), மாதம் 300 லிட்டர் வரை என்று நிர்ணயித்தார்கள். மானியமில்லா விலை அப்போது 2.60. இந்த 1.99-ஐ வைத்து 100 கி.மீ.க்கு என்ன செலவு என்று பார்ப்போம். நகர நெரிசலில் 1.5 லிட்டர் சிறிய கார் ஆறரை லிட்டர் குடிக்கும்: 13 வெள்ளி. டர்போ எஸ்யூவி 9 லிட்டர்: 18 வெள்ளி. பிளக் இல்லாத சாதாரண ஹைபிரிட் 5 லிட்டர்: 10 வெள்ளி.

பிளக்-இன் எஸ்யூவி மின்சாரத்தில் மட்டும் ஓடினால் சுவரிலிருந்து 20 யூனிட் இழுக்கும். சார்ஜ் ஏற்றும்போது வெப்பமாகப் போகும் பத்துப் பதினைந்து சதவீதமும் இதில் சேர்த்தி. யூனிட் என்ன விலை? 2025 ஜூலையில் வந்த டிஎன்பி மின்நிறுவனக் கட்டணத்தில் மாதம் 1,500 யூனிட் வரை, எரிசக்தி 27.03 சென் (நூறு சென் ஒரு வெள்ளி), திறன் கட்டணம் 4.55, வலையமைப்புக் கட்டணம் 12.85, ஆக 44.43 சென். பலர் இதோடு கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். ஆயிரம் யூனிட்டுக்குள் இருக்கும் வீடுகளுக்கு ஒரு சிக்கனத் தள்ளுபடி உண்டு. மொத்தப் பயன்பாடு ஏற ஏற அது எல்லா யூனிட்டுக்கும் சேர்த்துக் குறையும். மாதம் 400 யூனிட் ஓடும் வீட்டுக்கு யூனிட்டுக்கு 17 சென் தள்ளுபடி, பில் சுமார் 110 வெள்ளி. காருக்காக 150 யூனிட் கூடி 550 ஆனால் தள்ளுபடி 10.5 சென்னுக்கு இறங்கும், பில் 187 வெள்ளியைத் தொடும். கூடுதல் 77 வெள்ளியை 150-ஆல் வகுத்தால், கார் குடித்த ஒவ்வொரு யூனிட்டும் 51 சென். வீட்டில் ஏற்கெனவே 600-ஐ நெருங்கும் ஏர்கான் பில் என்றால் இன்னும் ஏறும். அந்தக் கோட்டைத் தாண்டினால் சில்லறைக் கட்டணம் என்ற பெயரில் மாதம் 10 வெள்ளியும், கூடுதல் யூனிட்டுகளுக்குச் சேவை வரியும் வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஆக, மின்சாரத்தில் 100 கி.மீ.க்கு 10 வெள்ளி. பிளக்கே தேவைப்படாத சாதாரண ஹைபிரிட்டும் அதே 10 வெள்ளிதான். விற்பனையாளர் இந்த ஒப்பீட்டை மேசைமேல் வைக்கமாட்டார். பெட்ரோல் எஸ்யூவியோடு ஒப்பிட்டால் 8 வெள்ளி மிச்சம்; மாதம் 1,000 கி.மீ. முழுக்க மின்சாரத்தில் ஓட்டினால் 80 வெள்ளி, ஆண்டுக்கு 960. ஒரே வண்டியின் பெட்ரோல் வடிவத்துக்கும் பிளக்-இன் வடிவத்துக்கும் 20,000 வெள்ளி வித்தியாசம் என்றால், அந்தக் காசை எண்ணெயில் மீட்க இருபது வருஷம் ஆகும். அதற்குள் வண்டி பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

அப்படியானால் யாருக்குத்தான் இது? எப்படியும் பெரிய கார் வாங்கப் போகிறவருக்கு. இரண்டு லிட்டர் டர்போ ஜெர்மன் வண்டியில் மூன்று வெள்ளிக்கு மேல் விற்கும் ரோன் 97 அடித்து, நெரிசலில் 11 லிட்டர் எரிக்கிறவருக்கு 100 கி.மீ.க்கு 33 வெள்ளிக்குக் குறையாது. அவர் பத்து வெள்ளிக்கு இறங்கினால் அது காசு. மானியம் கிடைக்காத வெளிநாட்டவருக்கும் கணக்கு மாறும். கூரையில் சோலார் வைத்து, பகலில் கார் வீட்டிலேயே நிற்கும் குடும்பத்துக்கும் மாறும். ஒரே கார்தான் வைத்திருக்கிறோம், தினமும் மின்சாரத்தில் ஓடவேண்டும், ஆனால் தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது தாப்பா ஓய்விடத்தில் சார்ஜருக்கு வரிசையில் நிற்க முடியாது என்கிறவருக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி கிடையாது. மானியம் நாளைக்கே மாறலாம் என்ற கவலைக்கு ஒரு காப்பாகவும் எடுத்துக்கொள்ளலாம், லிட்டர் 2.60-ல் அந்தப் பெட்ரோல் எஸ்யூவியின் செலவு 23 வெள்ளிக்கு மேல் போகும். மற்றபடி மைவி போன்ற சிறிய வண்டியில் திருப்தியாக ஓடிக்கொண்டிருப்பவர் எண்ணெய் மிச்சத்துக்காக இதற்கு மாறுவதில் அர்த்தமில்லை.

சாலை வரியில் பெரிய சலுகையை எதிர்பார்க்கவேண்டாம். முழு மின்காருக்கு வரி கிலோவாட்டைப் பார்த்து, பிளக்-இன் ஹைபிரிட்டுக்கு எஞ்சின் சிசியைப் பார்த்து. தீபகற்பத்தில் 1.5 லிட்டர் செடானுக்கு 90 வெள்ளி, அதே எஞ்சின் எஸ்யூவியில் இருந்தால் 120.

கம்பெனி சொல்லும் தூரமும் கிள்ளான் நெரிசலும்

விளம்பரத்தில் "100 கி.மீ.க்கு 1.5 லிட்டர்" என்ற மாதிரி எண்கள் வரும். முழு சார்ஜில் தொடங்கி, பெரும்பாலான தூரம் மின்சாரத்தில் ஓடுவதாக அனுமானித்துப் போட்ட எண் அது. ஐரோப்பிய ஆணையம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையில், 2021-ல் பதிவான பிளக்-இன் ஹைபிரிட்டுகள் சாலையில் வெளியிட்ட கார்பன் சராசரியாகச் சோதனைக்கூட எண்ணைப்போல் மூன்றரை மடங்கு இருந்தது. வண்டியில் கோளாறு இல்லை. மக்கள் பிளக்கைச் செருகவில்லை, அவ்வளவுதான். சார்ஜ் தீர்ந்த பிளக்-இன், பேட்டரிச் சுமையையும் இழுத்துக்கொண்டு 6, 7 லிட்டர் குடிக்கும் வெறும் ஹைபிரிட்.

18 யூனிட் பேட்டரி வண்டிக்குக் கம்பெனி 100 கி.மீ. என்று சொன்னால் நகரத்தில் 75, 80 என்று வைத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் 110-ல் போனால் 65. பழைய 12 யூனிட் வண்டிகளில் 40 தேறும். கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு ஒரு பக்கம் 35 கி.மீ. சுமார், 18 யூனிட் வண்டி போய்வந்துவிடும், 12 யூனிட் வண்டி போய்ச்சேர மட்டும் செய்யும். சிரம்பானிலிருந்து தினமும் வருகிறவருக்கு வேலையிடத்திலும் ஒரு பிளக் வேண்டும். பினாங்கில் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பாலம் தாண்டி பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்குப் போகிறவருக்கு இந்த வண்டி கிட்டத்தட்ட அளவெடுத்துத் தைத்தது: தூரம் சிறிது, வேகம் குறைவு, நிற்பது அதிகம்.

நம் ஊரில் பேட்டரியைத் தின்பது ஏர்கான். வெயிலில் நின்ற வண்டி முதல் பத்து நிமிடம் மூன்று கிலோவாட் வரை இழுக்கும், பிறகு ஒன்று, ஒன்றரைக்கு இறங்கும். பெடரல் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டால் ஏர்கானுக்கு மட்டும் ஒன்றரை யூனிட், அதாவது ஏழெட்டுக் கி.மீ. தூரம், போய்விடும். பிளக்கில் இருக்கும்போதே செயலி வழியாக ஏர்கானைப் போட்டு வண்டியைக் குளிர வைத்துவிட்டுக் கிளம்பினால் அந்த முதல் மூன்று கிலோவாட்டைச் சுவர் கொடுத்துவிடும். ஆனாலும் நெரிசலில் இந்த வண்டியே மேல்: சும்மா உறுமிக்கொண்டு நிற்கும் பெட்ரோல் எஞ்சின் ஏர்கானோடு மணிக்கு ஒரு லிட்டர் வரை குடிக்கிறது.

பொது சார்ஜரில் போய் நிற்பது பிளக்-இன் ஹைபிரிட்டுக்குக் கட்டாது. டிசி எனும் வேகச் சார்ஜரில் யூனிட் 1.20 வெள்ளி என்றால் 100 கி.மீ.க்கு 24 வெள்ளி. தொட்டியில் இருக்கும் பெட்ரோல் அதில் பாதி. மேலும், பல மாடல்கள் சாதாரண ஏசி சார்ஜரில் 3.7 கிலோவாட்டுக்கு மேல் வாங்காது. பேரங்காடியில் மூன்று மணி நேரம் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்க, பெட்ரோலே இல்லாத முழு மின்கார்க்காரர் முறைத்துக்கொண்டு போவார். அவர் முறைப்பதில் நியாயம் உண்டு.

மூன்று முள் பிளக் போதும், ஆனால் எந்த மூன்று முள்?

வண்டியோடு சுவர் சார்ஜரையும் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அதற்குச் சில ஆயிரம் வெள்ளி ஆகும். மாதம் 80 வெள்ளி மிச்சம் பிடிக்கிறவர் அதை மீட்க எத்தனை வருஷம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பத்து ஆம்பியரில் மூன்று முள் பிளக் மணிக்கு 2.3 யூனிட் தரும். இரவு பத்துக்குச் செருகினால் 12 யூனிட் பேட்டரி மூன்று, நான்கு மணிக்குள் நிறையும்; 18 யூனிட் காலை ஆறரை, ஏழுக்கு. ஸ்மார்ட் மீட்டர் உள்ளவர்கள் நேரவாரிக் கட்டணத்துக்கு மாறினால் வார நாளில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரைதான் உச்ச நேரம். வண்டியில் சார்ஜ் நேரத்தைப் பத்துக்கு மேல் வைத்தால் யூனிட்டுக்கு இரண்டரை சென் குறையும். சுவர் சார்ஜர் வைத்தே தீருவேன் என்கிறவர், சார்ஜிங் வசதிக்கு 2,500 வெள்ளி வரை வருமான வரிக் கழிவு இருப்பதை மறக்கவேண்டாம். 2027 வரி ஆண்டு வரை அது உண்டு.

ஆனால் போர்ச்சில் ஏற்கெனவே இருக்கும் பழைய சாக்கெட்டில் செருகக்கூடாது. 13 ஆம்பியர் சாக்கெட் கேத்தல் போன்ற சாமான்களுக்குச் செய்தது, ஐந்து நிமிடம் சுட்டு அணையும். இங்கே எட்டு மணி நேரம் விடாமல் பத்து ஆம்பியர் ஓடுகிறது. உள்ளே தளர்ந்த ஸ்பிரிங் பிடிக்கும் இடம் சூடாகி, முள் பழுப்பேறி, பிளாஸ்டிக் இளகி, ஒரு நாள் காலையில் பிளக்கைப் பிடுங்கினால் சாக்கெட் முகமும் சேர்ந்து வரும். புதிதாகச் செருகி ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கின் முதுகைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. பத்து வினாடி விரலை வைத்திருக்க முடியாவிட்டால் அன்றே நிறுத்திவிட வேண்டும்.

சரியான வேலை இது: எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற ஒயர்மேனை வைத்து, வீட்டு பிரேக்கர்கள் இருக்கும் டிபி பெட்டியிலிருந்து வேறெதற்கும் கிளை போகாத தனி ஒயர். தூரம் குறைவு என்றால் 2.5 சதுர மி.மீ., பதினைந்து இருபது மீட்டருக்கு மேல் என்றால் 4. அதற்கு 20 ஆம்பியர் பிரேக்கரும், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் டைப் ஏ ஆர்சிசிபியும். டைப் ஏ என்று கேட்டு வாங்குங்கள். பழைய வீடுகளில் இருப்பது டைப் ஏசி. கார் சார்ஜரிலிருந்து கசியும் டிசி மின்னோட்டம் அதன் உணர்வைக் குருடாக்கிவிடும், உண்மையில் ஆளைப் பிடிக்கும்போது அது விழாது. சிரிம் தரச்சான்று ஒட்டி உள்ள நல்ல ஒற்றைச் சாக்கெட், மழைநீர் புகாத மூடியோடு. எக்ஸ்டென்ஷன் ஒயர் கூடவே கூடாது, அதிலும் சுருளில் சுற்றி வைத்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் இடி விழாத வாரம் அபூர்வம், ஆகவே டிபி பெட்டியில் ஒரு மின்னெழுச்சித் தடுப்பானும் போட்டுவிடுங்கள். பலத்த இடியின்போது பிளக்கைக் கழற்றி வைப்பது இன்னும் நல்லது.

பழைய தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் ஒற்றை ஃபேஸ்தான். இரண்டு குளியலறை ஹீட்டர் தலா 15 ஆம்பியர், மூன்று ஏர்கான், இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் ஒன்றாக ஓடும் மாலை ஏழு மணிக்கு 32 ஆம்பியர் சுவர் சார்ஜரும் சேர்ந்தால் மெயின் விழும். பத்து ஆம்பியர் நள்ளிரவில் ஓடினால் யாருக்கும் தெரியாது. பத்து ஆம்பியரே சிறந்தது என்று சொல்ல இதுவும் ஒரு காரணம்.

கொண்டோவில் இருப்பவர்கள் வண்டிக்கு முன்பணம் கட்டுமுன் நிர்வாகக் குழுவின் எழுத்துப்பூர்வ அனுமதியை வாங்கிவிடவேண்டும். "பார்க்கலாம்" என்பது அனுமதி ஆகாது. தூணிலிருக்கும் பொதுச் சாக்கெட்டில் திருட்டுத்தனமாகச் செருகியதால் வந்த சண்டைகள் ஏராளம். பினாங்குத் தீவில் அடுக்குமாடிவாசிகள் பலருக்கு இந்த ஒரு கேள்வியிலேயே பதில் வந்துவிடும்: பிளக் இல்லையா, சாதாரண ஹைபிரிட் வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலை செய்யாத எஞ்சின்தான் கெடுகிறது

நிறையப் பேர் பேட்டரியை நினைத்துப் பயப்படுகிறார்கள். ஒழுங்காகச் சார்ஜ் செய்கிறவரின் வண்டியில் முதலில் தொல்லை தருவது எஞ்சின். வாரக்கணக்கில் தூங்கிவிட்டு, டோல் தாண்டி வேகமெடுக்கும்போது மூன்று நிமிடம் விழித்து, மறுபடி தூங்கிவிடும். ஆயில் ஒருபோதும் முழுதாகச் சூடேறாது. எரியாத பெட்ரோலும் ஈரமும் அதில் கலந்து தங்கும். ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள்: திரிந்த பால்போல் வெளிறிய பிசுக்கு ஒட்டியிருந்தால் இதுதான் நடக்கிறது. டிப் ஸ்டிக்கில் அளவு குறையாமல் ஏறியிருந்தால், பெட்ரோல் வாடை அடித்தால், உடனே ஆயில் மாற்றவேண்டும். கூலண்ட் அளவும் இறங்கியிருந்தால் அது வேறு நோய், ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கவேண்டும்.

மருந்து எளிது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, பேட்டரியைச் சேமிக்கும் மோடில் போட்டு, நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் எஞ்சினை ஓடவிடுங்கள். கிலோமீட்டரைப் பார்க்காமல் தேதியைப் பார்த்து ஆயில் மாற்றுங்கள். மீட்டர் 4,000 காட்டினாலும் ஆறு மாதம், மிஞ்சினால் ஒரு வருஷம். பெட்ரோலும் பழசாகும், தொட்டியை நிறைத்து வைக்காமல் 15, 20 லிட்டராக அடித்து மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். பல மாடல்களில் பெட்ரோல் தொட்டி அழுத்தத்தில் மூடியிருக்கும். பட்டனை அமுக்கியதும் மூடி திறக்காது, அழுத்தம் இறங்கச் சில வினாடியோ ஒரு நிமிடத்துக்கு மேலோ ஆகும். மானியத்துக்காக மைகார்டு அடையாள அட்டையைச் செருகும் முன்பே பட்டனை அமுக்கிவிட்டு இறங்கினால் பின்னால் நிற்பவர் ஹார்ன் அடிக்கமாட்டார்.

பிரேக்கும் இதே கதை. வேகம் குறைப்பதை மோட்டாரே பார்த்துக்கொள்வதால் டிஸ்க்கும் பேடும் உரசுவதே இல்லை, நம் ஈரத்தில் துரு பிடிக்கும். வாரம் ஒருமுறை காலியான சாலையில் நாலைந்து தடவை அழுத்திப் பிரேக் போட்டால் சுத்தமாகிவிடும்.

பிறகு 12 வோல்ட் பேட்டரி. பதினெட்டு யூனிட் மின்சாரம் அடியில் கிடக்கும், ஆனால் அதைத் திறந்துவிடும் ரிலேக்களை இயக்க இந்தச் சின்ன பேட்டரி வேண்டும். இது செத்தால் வண்டி கதவுகூடத் திறக்காது. நம் வெப்பத்தில் இரண்டரை, மூன்று வருஷம்தான் ஆயுள். சம்பந்தமில்லாத எச்சரிக்கைகள் திரையில் மாறி மாறி வந்தால் முதலில் இதை அளந்து பாருங்கள். பெரிய பேட்டரிக்கு விலை கேட்டுப் பயந்துபோன சிலருக்கு இருந்தது இந்தக் கோளாறுதான்.

ஏர்கானை மட்டும் தெருவோரக் கடையில் விடாதீர்கள். பல மாடல்களில் அறையைக் குளிர்விக்கும் அதே கேஸ்தான் பேட்டரியையும் குளிர்விக்கிறது. கேஸ் கசிந்தால் முதலில் குளிர் குறையும், பிறகு பேட்டரி சூடாகி வண்டி தன் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். கம்ப்ரசர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுவதால் அதற்கு மின்சாரம் கடத்தாத தனி வகை எண்ணெய் ஊற்றவேண்டும். சாதாரணக் கார் கம்ப்ரசருக்கு ஊற்றும் எண்ணெய் கொஞ்சம் கலந்தாலே காப்புத்தன்மை கெட்டு, வண்டி பாதுகாப்புக்காக ஸ்டார்ட் ஆக மறுக்கும். அந்த எண்ணெயைக் கழுவி எடுப்பது லேசில் நடக்காது, சில நேரம் கம்ப்ரசரையே மாற்றவேண்டி வரும். கடைக்காரரிடம் கேட்கவேண்டிய ஒரே கேள்வி: "ஹைபிரிட் கம்ப்ரசருக்குத் தனி எண்ணெய், தனி மெஷின் வைத்திருக்கிறீர்களா, அண்ணே?" தயங்கினால் கிளம்பிவிடுங்கள்.

2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு வெள்ளக் காப்புறுதி பற்றித் தனியாகச் சொல்லவேண்டாம். சாதாரண முழுக் காப்புறுதியில் வெள்ளம் அடங்காது, தனியாகச் சேர்க்கவேண்டும். நீரில் நின்ற பிளக்-இன் வண்டியை நீங்களே ஸ்டார்ட் செய்து பார்க்கக்கூடாது, சார்ஜிலும் போடக்கூடாது.

மலையேற்றம் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு டன் வண்டியைக் கோலாலம்பூரிலிருந்து கெந்திங் மலை உச்சிக்கு, ஏறத்தாழ 1,700 மீட்டர், தூக்குவதற்கு மட்டும் 9 யூனிட் வேண்டும். உராய்வும் ஏர்கானும் தனி. கோம்பாக் டோலிலிருந்தே மின்சாரத்தில் போய்ப் பேட்டரியைக் காலி செய்துவிட்டு ஏறினால், மேல் பாதியில் சிறிய எஞ்சின் மட்டும் அலறிக்கொண்டு இழுக்கும். காராக் நெடுஞ்சாலையில் சேமிப்பு மோடில் போய், நாற்பது ஐம்பது சதவீதத்தை ஏற்றத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். உச்சியில் ஓட்டலில் முழுச் சார்ஜ் போடாதீர்கள். இறங்கும்போது திரும்ப வரும் சக்திக்குப் பேட்டரியில் இடம் வேண்டும், இல்லாவிட்டால் முழு இறக்கத்தையும் பிரேக் பேட் தாங்கவேண்டும்.

பழையது வாங்குகிறவர்களுக்கு

2016, 2017 வாக்கில் வரிச் சலுகையோடு உள்நாட்டில் பொருத்தி விற்ற மெர்சிடிஸ் சி350இ, பிஎம்டபிள்யூ 330இ வண்டிகள் இப்போது ஆசைகாட்டும் விலையில் கிடக்கின்றன. விலை ஏன் இறங்கியது என்பதைப் பேட்டரியின் வயது சொல்லும். சிறிய பேட்டரி அதிகம் உழைக்கும்: 60 கி.மீ. தரும் பேட்டரியில் ஆண்டுக்கு 15,000 கி.மீ. ஓடினால் 250 முழுச் சுற்று, பெரிய மின்கார் அதே தூரத்துக்கு ஐம்பதுக்குக் குறைவாகவே சுற்றும். பேட்டரி உத்தரவாதம் பெரும்பாலும் எட்டு ஆண்டு வரைதான், அதுவும் முகவரிடம் சர்வீஸ் செய்த பதிவு இருந்தால்.

பார்க்கப் போகும்போது ஒரு பிளக் மின்மீட்டர் கொண்டுபோங்கள், ஐம்பது வெள்ளிக்குள் கிடைக்கும். பேட்டரியை முழுக்கத் தீர்த்துவிட்டு, சார்ஜ் நிறையும்வரை சுவரிலிருந்து எத்தனை யூனிட் போகிறது என்று அளந்துகொள்ளுங்கள். பழைய 330இ-யின் பேட்டரி 7.6 யூனிட், அதில் பயன்பாட்டுக்குத் திறந்துவிடுவது ஆறுக்குள். நல்ல நிலையில் சுவரிலிருந்து ஆறரை போகவேண்டும். நாலரையில் நின்றுவிட்டால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது, அந்த விலையைக் கழித்துப் பேசுங்கள். டாஷ்போர்டு காட்டும் "மீதி தூரம்" போன ஓட்டுநர் ஓட்டிய விதத்தைப் பொறுத்த ஊகம், அதை நம்பி எதுவும் முடிவு செய்யாதீர்கள். பிறகு ஏர்கானை 22-ல் வைத்து, மின்சார மோடில் 80-ல் ஓட்டிப் பாருங்கள். மிதிக்காமலேயே எஞ்சின் விழித்தால் காரணம் கேளுங்கள். சார்ஜ் கேபிள் வண்டியோடு வருகிறதா என்பதைக் காசு கொடுக்கும் முன் கேளுங்கள். பலர் அதை விற்றுவிட்டார்கள், ஏனென்றால் ஒரு நாளும் செருகியதே இல்லை. அப்படிப்பட்ட வண்டியில் பேட்டரி தேயாமல் இருக்கலாம். எஞ்சின் மட்டும் சாதாரண பெட்ரோல் கார் அளவுக்கு ஓடியிருக்கும்.